செல்லூர் அடுப்பில் வியட்நாம் ஃபோ

நெஞ்செலும்பு சூப் குடித்து வளர்ந்த மதுரைக்காரர்களுக்கு, வியட்நாமின் நூடுல்ஸ் சூப்பான ஃபோ கட்டாயம் பிடிக்கும்.

ஒரு கிலோ மாட்டு மூட்டெலும்பை 10 நிமிடம் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். எலும்பைக் கழுவி, புதிதாக 4 லிட்டர் ஊற்றிச் சிறு தீயில் 5 மணி நேரம் விடுங்கள். தளதளவென்று கொதித்தால் சூப் கலங்கிவிடும்.

இதற்கு உயிரே மணம்தான். பெரிய வெங்காயத்தையும் இஞ்சியையும் தோலோடு நெருப்பில் சுட்டு, கருகலைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சூப்பில் போடுங்கள். அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, மல்லி விதையை வெறும் சட்டியில் வறுத்துத் துணியில் முடிந்து, கடைசி ஒரு மணி நேரம் மட்டும் போடுங்கள். மஞ்சள்தூள் கிட்டவே வரக்கூடாது! வடிகட்டி மீன் சாஸ் சேருங்கள்.

வேகவைத்த தட்டையான அரிசி நூடுல்ஸ் மேல் கொதிக்கக் கொதிக்க ஊற்றுங்கள். மேலே தூவ எங்கள் வீட்டுத் தொட்டியில் திருநீற்றுப்பச்சிலை இருக்கிறது. வியட்நாமில் போடுவதும் அதே இனம்தான். முளைகட்டிய பச்சைப்பயறும் எலுமிச்சையும் பிறகு. முதல் வாய் எதுவும் பிழியாமல் குடியுங்கள்.