த்ரெட்டா, தனி ப்ராசஸா? சர்வீஸ் எழுதும் முன் எப்படி முடிவெடுப்பது

பின்னணியில் ஓடும் சர்வீஸ் ஒன்றை எழுத உட்கார்ந்தால், வேலையைத் த்ரெட்டுகளுக்கு (ஒரே ப்ராசஸுக்குள் ஒரே மெமரியைப் பகிர்ந்து ஓடுபவை) கொடுப்பதா, தனித்தனி ப்ராசஸ்களுக்கு (ஒவ்வொன்றுக்கும் சொந்த மெமரி) கொடுப்பதா, எது வேகம் என்றுதான் முதலில் யோசிப்போம், அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். லினக்ஸில் ஃபோர்க் செய்தாலும், அதாவது ஓடும் ப்ராசஸிலிருந்து அதன் நகலாக இன்னொன்றை உருவாக்கினாலும், மெமரி முழுக்க உடனே நகலாவதில்லை, யாராவது எழுதும்போது மெமரியின் அந்தச் சிறு துண்டு மட்டும்தான் நகலாகும். வேலை செய்யும் ப்ராசஸ்களை, அதாவது வேலையாட்களை, தொடக்கத்திலேயே உருவாக்கி வைத்துவிட்டால் அந்தச் செலவும் ஒருமுறைதான். முதலில் கேட்க வேண்டியது வேறு: இந்த வேலை செத்தால் கூடவே எது எது சாகலாம்?

பயனர் ஏற்றும் படங்களைச் சிறிதாக்கும் சர்வீஸ் ஒன்றை எட்டு த்ரெட்டுகளுடன் எழுதியிருந்தேன். ஒருநாள் கெட்டுப்போன டிஃப் (TIFF) படக் கோப்பு ஒன்று வந்தது, படத்தைப் பிரிக்கும் சி லைப்ரரி செக்மென்டேஷன் ஃபால்ட்டில் (தொடக்கூடாத மெமரியைத் தொட்ட பிழை, முழு ப்ராசஸையும் கொன்றுவிடும்) விழுந்தது, அதோடு எட்டு த்ரெட்டும் போயின, நன்றாக ஓடிக்கொண்டிருந்த மற்ற ஏழு வேலைகளும் சேர்த்து. லினக்ஸில் சர்வீஸ்களைக் கவனித்துக்கொள்ளும் சிஸ்டம்டி மறுபடி எழுப்பியது, வரிசையில் முதலில் நின்றது அதே கோப்பு, மறுபடியும் விழுந்தது. இப்போது படம் பிரிப்பது மட்டும் தனி ப்ராசஸ். அது விழுந்தால் தாய் ப்ராசஸுக்குத் தெரியும், கோப்பை ஒதுக்கிவிட்டு வேறொரு ப்ராசஸைக் கிளப்பும். இன்னொரு லாபம், அந்தப் ப்ராசஸுக்கு நெட்வொர்க்கும் வேண்டாம், டேட்டாபேஸ் கடவுச்சொல்லும் வேண்டாம், எல்லாவற்றையும் பிடுங்கிவிடலாம். தொலைவிலுள்ள கணினியில் பாதுகாப்பாக நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 2002லிருந்தே இப்படித்தான், வெளியாள் அனுப்புவதைப் படிக்கும் பகுதியை அதிகாரமில்லாத தனி ப்ராசஸில் வைத்திருக்கிறது.

ஆக, வெளியிலிருந்து வரும் கோப்பு, நீங்கள் எழுதாத சி லைப்ரரி, வேறு அனுமதி தேவைப்படும் வேலை என்றால் தனி ப்ராசஸ். ஒரே பெரிய கேஷை (அடிக்கடி தேவைப்படும் தரவை மெமரியில் வைத்திருக்கும் இடம்) எல்லோரும் ஓயாமல் படித்து எழுத வேண்டும் என்றால் த்ரெட்.

இரண்டுக்கும் நடுவழியாக, தனித்தனி ப்ராசஸ்கள் சேர்ந்து பயன்படுத்தும் ஷேர்டு மெமரி (பொது மெமரி) வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். போஸ்ட்கிரெஸ்க்யூஎல் டேட்டாபேஸ் அப்படித்தான், ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு ப்ராசஸ், நடுவில் பொது மெமரி. ஆனால் அங்கே ஒரு ப்ராசஸ் கிராஷ் ஆனால் மற்ற இணைப்புகளையும் முடித்துவிட்டுப் பொது மெமரியைப் புதிதாகத் தொடங்குகிறார்கள், ஏனென்றால் செத்தது எதைக் கெடுத்துவிட்டுப் போனது என்று யாருக்கும் தெரியாது. எவ்வளவு மெமரியைப் பகிர்கிறீர்களோ அவ்வளவு பாதுகாப்பு குறைகிறது, இதைக் கணக்கில் வையுங்கள்.

அப்புறம், இரண்டையும் கலந்தால் ஒன்றில் கவனம்: த்ரெட்டுகள் ஓடத் தொடங்கிய பிறகு வெறும் ஃபோர்க் செய்யாதீர்கள். ஃபோர்க்கை அழைத்த த்ரெட் மட்டும்தான் புது ப்ராசஸில் இருக்கும், வேறொரு த்ரெட் பிடித்திருந்த லாக் (ஒரே நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் தொடட்டும் என்று போடும் பூட்டு) பூட்டியபடியே வந்து சேரும், திறக்க ஆள் இருக்காது. புது ப்ராசஸ் எப்போதாவது மட்டும் இப்படி அசையாமல் தொங்கும், அதனால் கண்டுபிடிக்க நாள் கணக்கில் ஆகும். முதலில் ப்ராசஸ்களைப் பிரித்துவிட்டு அதற்குப் பின் த்ரெட்டுகளைத் தொடங்குங்கள், இல்லையென்றால் ஃபோர்க் ஆனவுடனே எக்ஸெக் செய்து, அந்தப் ப்ராசஸில் வேறொரு புரோகிராமைப் புதிதாக ஏற்றிவிடுங்கள்.

சரி, எழுதி முடித்ததும் நிஜமான லோடு ஓடும்போது ஒரு வேலையாளுக்கு நீங்களே கில் கட்டளையில் 11ஆம் சிக்னலை (செக்மென்டேஷன் ஃபால்ட்டின் சிக்னல்) அனுப்பிப் பாருங்கள், எத்தனை பேருடைய வேலை நிற்கிறது என்று எண்ணுங்கள்.