அடுத்த ஊருக்குப் போகும் முன் ஒரே ஒரு ஆர்டருக்குக் கணக்குப் போடுங்கள்

மூடிப்போன ஸ்டார்ட்அப்களைப் பற்றிப் படிக்கும்போது "பணம் தீர்ந்துவிட்டது" என்ற வரியோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். பணம் எல்லோருக்கும் கடைசியில்தான் தீர்கிறது. எந்த மாதம் எந்த முடிவை எடுத்தார்கள், அப்போது கையில் என்ன கணக்கு இருந்தது என்று தேதிவாரியாக எழுதிப் பாருங்கள்.

அமெரிக்காவின் வெப்வேன் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கே மளிகை கொண்டுவந்து தரும் வேலையை 1999 ஜூனில் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் தொடங்கினார்கள். அடுத்த மாதமே 26 கிடங்குகள் கட்ட பெக்டெல் நிறுவனத்தோடு சுமார் 100 கோடி டாலருக்கு ஒப்பந்தம், அதுவும் முதல் கிடங்கு லாபம் தருமா என்றே தெரியாத நேரத்தில். நவம்பரில் பங்கு வெளியிட்டு 37.5 கோடி டாலர் திரட்டினார்கள். 2001 ஜூலையில் மூடியபோது சுமார் 2,000 பேருக்கு வேலை போனது.

சரி, உங்கள் தொழிலில் எப்படிச் சோதிப்பது? நேற்று வந்த ஆர்டர்களில் ஒன்றை எடுங்கள். வாடிக்கையாளர் தந்த தொகையிலிருந்து கொள்முதல் விலை, பேக்கிங், பெட்ரோல், டெலிவரிக் கூலி, திரும்பி வந்த சரக்கின் நஷ்டம், நீங்கள் கொடுத்த தள்ளுபடி என்று ஒவ்வொன்றாகக் கழியுங்கள். தள்ளுபடியை மட்டும் விளம்பரச் செலவில் கொண்டுபோய்ச் சேர்க்காதீர்கள், பெரும்பாலும் கணக்கு அங்கேதான் தப்பாகிறது. மிச்சம் மைனஸில் நின்றால் ஆர்டர் கூடக்கூட நஷ்டமும் கூடும்.

"ஆர்டர் பெருகினால் செலவு குறைந்துவிடும்" என்று யாராவது சொன்னால் எந்தச் செலவு என்று கேளுங்கள். கிடங்கு வாடகை குறையும், நூறு ஆர்டருக்குப் பதில் ஆயிரத்துக்குப் பிரியும் அல்லவா? ஆனால் ஒரு வேன் மணிக்கு எத்தனை வீட்டுக்குப் போகும் என்பது அந்த வீடுகள் எவ்வளவு கிட்டக்கிட்ட இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்த அரை மணி நேர இடைவெளிக்குள் கொண்டுவருவதாக வெப்வேன் வாக்குக் கொடுத்திருந்தது, அதனால் வேன் ஓட்டுபவரால் வழியில் இருக்கிற வீடுகளை வரிசையாக முடித்துவிட்டுப் போக முடியாது. புதிதாக இன்னொரு ஊரைச் சேர்த்தால் இது சரியாகாது, அதே தெருக்களில் ஆர்டர் கூடினால்தான் சரியாகும்.

அப்புறம், உங்கள் துறையில் மூடிப்போன நிறுவனத்தில் வேலை பார்த்தவர்களைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். நிறுவனர்களைவிட, கிடங்கையும் வண்டியையும் பார்த்துக்கொண்டவர்களிடம்தான் விஷயம் இருக்கும். ஒவ்வொரு ஆர்டரையும் எடுத்துக் கட்டி அனுப்ப எவ்வளவு செலவாகிறது என்பதை வெப்வேனில் நேரில் பார்த்த மிக் மவுன்ட்ஸ், அலமாரியையே ஆளிடம் கொண்டுவரும் ரோபோக்களுக்காக கிவா சிஸ்டம்ஸைத் தொடங்கினார். அமேசான் அதை 2012இல் 77.5 கோடி டாலருக்கு வாங்கியது.