போரில் மாண்டோரின் படங்களைக் காட்சிக்கு வைப்பவர்களுக்கு

ஆண்டுதோறும் மே 18 நெருங்கும்போது, 2009இல் இலங்கைப் போரின் இறுதி நாள்களில் தமிழ் மக்கள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்ட முள்ளிவாய்க்காலில் எடுக்கப்பட்ட படங்கள் நினைவேந்தல் மண்டபங்களிலும் கைபேசிகளிலும் மீண்டும் வலம்வரத் தொடங்குகின்றன. நடந்ததை மறுப்பவர்கள் இருக்கும்வரை அவை மறைக்கப்படக் கூடாது என்பதே என் உறுதியான நிலைப்பாடு. எனினும், பார்க்க முடிவெடுத்து வருபவருக்குக் காட்டுவது வேறு, பள்ளிவிட்டு வரும் பிள்ளையின் கண்ணில் படும்படி வீதியோரத்தில் பதாகையாகக் கட்டுவது வேறு.

முதலில் மூலக் கோப்பைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால், தரம் குறைவதோடு, எடுத்த நாளும் நேரமும் அடங்கிய உள்விவரங்களும் அழிந்துவிடும் என்பதால், அதை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். வந்த கோப்பில் கைவைக்காமல் இரண்டு இடங்களில் சேமித்துவிட்டு, திருத்தங்களைப் பிரதியில் மட்டும் செய்யுங்கள். சிரியப் போரின் ஆயிரக்கணக்கான காணொளிகளை யூடியூப் 2017இல் நீக்கியது. சமூக ஊடகத்தில் இருக்கிறதே என்று நம்பியிருக்க வேண்டாம். கூகுளின் படத்தேடலிலும் ஒருமுறை சரிபாருங்கள். வேறொரு நாட்டுப் போரின் படம் ஒன்று கலந்துவிட்டாலும், மறுப்பவர்களுக்கு அதுவே போதுமானதாகிவிடும்.

அடுத்து, படத்தை எடுத்தவர் யார் என்று பாருங்கள். கொன்றவர்களே வெற்றிச் சின்னமாகக் கைபேசியில் பிடித்த படங்களும் இவற்றுள் உண்டு. ஆடை களையப்பட்ட பெண்ணுடலை அப்படியே பெரிதாக்கி மாட்டுவது, அவர்கள் செய்ய நினைத்த அவமதிப்பை நாமே தொடர்வதாகும். அத்தகைய படத்தின் முழு வடிவத்தைச் சான்றாகப் பூட்டிவையுங்கள். பொதுவில் அதைப் பற்றிய எழுத்துக் குறிப்பு மட்டும் போதும்.

எல்லாவற்றையும்விடக் கவனம் வேண்டியது உறவினர் விடயத்தில். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 பெப்ரவரியில் வீதியோரம் அமர்ந்து போராட்டத்தைத் தொடங்கிய தாய்மார், காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகள் எங்கே என்றுதான் கேட்கிறார்கள். அவர்களுள் ஒருவர் தம் மகனின் முகத்தை ஒரு கண்காட்சிச் சுவரில் முதன்முதலாகக் காண நேர்ந்தால், அவருக்கு மரணச் செய்தியைச் சொன்னவர்கள் நாமாகிவிடுவோம். ஆகவே, அடையாளம் தெரியாத உடல்களின் முகத்தை மறையுங்கள். அடையாளம் தெரிந்தால் குடும்பத்தாரை நேரில் கண்டு, படத்தை எடுத்த எடுப்பிலேயே நீட்டாமல், அது எத்தகையது என்று வாயால் சொல்லி, அவர்கள் கேட்ட பிறகே காட்டி இசைவு பெறுங்கள். மறுத்தால் வற்புறுத்தாதீர்கள், தாயும் சகோதரரும் முரண்பட்டாலும் மறுப்பவரின் சொல்லையே ஏற்கலாம்.

மண்டபத்தில் இப்படங்களுக்கு வழிநடையில் அமையாத தனி அறையை ஒதுக்கி, உள்ளே என்ன இருக்கிறது என்பதை வாசலிலேயே எழுதிவையுங்கள். ஏ4 அளவுக்கு மேல் அச்சிட வேண்டியதில்லை. ஒவ்வொன்றின் கீழும் இடம், நாள், படம் கிடைத்த விதம் ஆகியவை இருக்கட்டும். உறுதியாகத் தெரியாததைத் தெரியாது என்றே குறிப்பிடுங்கள். அறைக்குள் இரண்டு நாற்காலிகளும் தண்ணீரும், அமைதியாகப் பேசக்கூடிய ஒருவரும் இருப்பது அவசியம். கைபேசியில் படமெடுக்க அனுமதிக்காதீர்கள். உறவினர் எவரேனும் வந்து ஒரு படத்தை அகற்றச் சொன்னால், குழுவைக் கூட்டி விவாதிக்கும்வரை காத்திராமல், அதை உடனே கழற்றிவிடுங்கள்.