சமன்பாட்டில் முதலில் எதில் கை வைப்பது?

3க + 5 = 20. முதலில் 5-ஐக் கழிப்பதா, 3-ஆல் வகுப்பதா? எதில் தொடங்கினாலும் விடை 5தான். ஆனால் வகுத்துத் தொடங்கினால் க + 5/3 = 20/3 என்று பின்னம் வந்து நிற்கும். போதாக்குறைக்கு, பலர் 5-ஐ வகுக்க மறந்து க + 5 = 20/3 என்று எழுதிவிடுவார்கள். அங்கேயே கணக்கு தவறிவிடும். வகுப்பதானால் இரு பக்கத்திலும் உள்ள எல்லா உறுப்புகளையும் வகுக்க வேண்டும்.

முதல் படியைக் கண்டுபிடிக்க, க-வுக்கு என்னென்ன நடந்திருக்கிறது என்று வரிசையாகப் பாருங்கள். 3-ஆல் பெருக்கினார்கள், பிறகு 5-ஐக் கூட்டினார்கள். பொட்டலத்தில் கடைசியாகச் சுற்றிய நூலைத்தானே முதலில் அவிழ்க்கிறோம்? அதேபோல் முதலில் 5 போகட்டும், 3க = 15; பிறகு 3-ஆல் வகுத்தால் க = 5. ‘பக்கம் மாறினால் குறி மாறும்’ என்று மனப்பாடம் செய்தவர்கள் இந்தக் கடைசிப் படியில் க = 15 − 3 = 12 என்று எழுதுவதுண்டு. 3 இங்கே கூட்டப்பட்ட எண் அல்ல, கெழு; அதாவது க-வைப் பெருக்கும் எண். பெருக்கலை வகுத்துத்தான் நீக்க முடியும்.

அடைப்புக்குறியைக் கண்டதும் விரிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 4(க − 3) = 20 என்பதில் 20 நான்கால் மீதியின்றி வகுபடுகிறது. வகுத்துவிடுங்கள்: க − 3 = 5, க = 8. 5(க − 1) + 3 = 23 என்றால் வெளியே நிற்கும் 3-ஐ முதலில் கழித்து 5(க − 1) = 20 ஆக்கிக்கொண்டு வகுக்கலாம். ஆனால் 4(க − 3) + 2க = 18 போல, அடைப்புக்குறிக்கு வெளியிலும் க இருந்தால் விரிப்பதே நல்லது: 6க − 12 = 18, க = 5.

அதிக மதிப்பெண் பறிபோவது பின்னத்தில்தான்.

(க − 1)/2 − (க − 2)/3 = 1

பகுதிகள், அதாவது பின்னங்களின் கீழ் எண்கள், 2, 3. அவற்றின் மீச்சிறு பொது மடங்கு 6. இரு பக்கத்தையும் 6-ஆல் பெருக்கினால் 3(க − 1) − 2(க − 2) = 6. மேலே உள்ள தொகுதிகளை அடைப்புக்குறிக்குள் எழுதுவதை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். விரித்தால் 3க − 3 − 2க + 4 = 6, அதாவது க + 1 = 6, க = 5. +4 வரவேண்டிய இடத்தில் −4 போட்டால் விடை 13 ஆகிவிடும். வலப்பக்கத்து 1-ஐப் பெருக்க மறந்தால் 0 வரும். 5-ஐ மூலச் சமன்பாட்டில் இட்டுப் பாருங்கள்: 4/2 − 3/3 = 2 − 1 = 1. சரி.

பின்னம் இருந்தாலே மீச்சிறு பொது மடங்கைத் தேட வேண்டும் என்றும் இல்லை. க/4 + 3 = 5 என்பதில் 3-ஐக் கழித்தால் க/4 = 2, க = 8; வேலை முடிந்தது. தசமத்துக்கு 10, 100 போதும்: 0.2க + 0.05 = 0.65 என்பதை 100-ஆல் பெருக்கினால் 20க + 5 = 65, க = 3.

இரு பக்கமும் க இருந்தால், சிறிய கெழு உள்ளதை நகர்த்துங்கள். 10 − 2க = 5க − 4 என்பதில் −2தான் சிறியது. இரு பக்கமும் 2க கூட்டினால் 10 = 7க − 4, 14 = 7க, க = 2. க வலப்பக்கம் இருப்பதால் ஒன்றும் குறைந்துவிடாது. 5க-வை இடப்பக்கம் கொண்டுவந்தால் −7க = −14 என்று வரும்; தவறில்லை, ஆனால் குறி தவறவிட இன்னொரு வாய்ப்பு. கழிபடும் உறுப்பை இப்படிக் கூட்டி நிரப்புவதற்கு 9ஆம் நூற்றாண்டில் கணித அறிஞர் அல்-குவாரிஸ்மி வைத்த பெயர்தான் அல்-ஜபர்; அல்ஜீப்ரா என்ற சொல் அதிலிருந்து பிறந்தது.

நகர்த்தும்போது க முழுதும் மறைந்துபோனால் பதற வேண்டாம். 2க + 3 = 2க + 7 என்பது 3 = 7 என்று முடியும்; அதற்குத் தீர்வே இல்லை. 3 = 3 போல முடிந்தால் எந்த எண்ணும் தீர்வுதான்.