வீடு, மேடை, ஸ்டூடியோ: கிட்டார் பெடல் அமைப்பை இடமறிந்து தேர்ந்தெடுத்தல்

வீட்டில் நிறைவாக ஒலித்த ஒரு பெடல் அமைப்பு (கிட்டாருக்கும் ஆம்ப் எனும் ஒலிபெருக்கிக்கும் இடையே ஒலியை மாற்றும், காலால் மிதித்து இயக்கும் பெட்டிகளின் தொகுப்பு), அதே கிட்டார், அதே குமிழ் நிலைகளுடன் மேடைக்குப் போனதும் மெலிந்து, டிரம்ஸுக்கும் பேஸ் கிட்டாருக்கும் அடியில் காணாமல் போவதைக் கிட்டார் வாசிப்பவர்களில் பெரும்பாலோர் ஒரு முறையாவது அனுபவித்திருப்பார்கள். பழி பெடலின் மீது விழுகிறது. உடனே வேறொரு பெடல் வாங்கப்படுகிறது. ஆனால் காரணம் நம் செவியிலேயே இருக்கிறது. ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1933இல் வெளியிட்ட அளவீடுகளின்படி, ஒலி தாழ்ந்திருக்கும்போது அடிமட்ட அதிர்வெண்களையும் உச்ச அதிர்வெண்களையும் மனிதச் செவி குறைவாகவே உணர்கிறது. அதனால் வீட்டில் மெல்லிய ஒலியில் வாசிப்பவர் தம்மையறியாமல் பேஸையும் டிரெபிளையும் கூட்டி, நடு அதிர்வெண்களைக் குறைத்து வைத்துக்கொள்கிறார். மேடையில் அடிமட்டம் பேஸ் கிட்டாருக்கும் கிக் டிரம்முக்கும் போய்விடுகிறது. உச்சத்தைச் சிம்பல் எடுத்துக்கொள்கிறது. கிட்டாருக்கு உரிய நடுப்பகுதியோ முன்பே குறைக்கப்பட்டுவிட்டது.

ஆகவே எந்தப் பெடல் என்று தேடுவதற்கு முன், இந்த ஒலியை யார், எவ்வளவு உரத்த அளவில், எதன் வழியாகக் கேட்கப்போகிறார்கள் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். ஹெட்ஃபோனில் கேட்கும் ஒருவருக்காகவும், அரங்கத்தின் கடைசி வரிசைக்காகவும், மைக்கின் வழியாகக் கணினிக்காகவும் ஒரே அமைப்பைச் சுமந்து திரிவது மூன்றிலும் அரைகுறையாகவே முடியும்.

மூன்றுக்கும் பொதுவான அடிப்படை

பெடல்களின் வரிசைக்குச் சட்டம் எதுவும் இல்லை என்றாலும், பழக்கத்தில் உறுதிப்பட்ட ஒரு தொடக்க வரிசை உண்டு: சுருதி காட்டும் டியூனர், வா பெடல், ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தும் கம்ப்ரஸர், ஒலியைச் சிதைக்கும் ஓவர்டிரைவ் அல்லது டிஸ்டார்ஷன், தொனியை அலையாட்டும் கோரஸ், ஃபேஸர் போன்ற மாடுலேஷன் பெடல்கள், எதிரொலி தரும் டிலே, கடைசியில் அரங்க முழக்கம் தரும் ரிவர்ப். இதன் பின்னணி எளிது. டிஸ்டார்ஷன் தனக்குள் வருவதையெல்லாம் நசுக்கி, அதிலிருந்து புதிய மேற்சுரங்களை உருவாக்குகிறது. ரிவர்பின் நீண்ட வால் அதற்குள் போனால் அந்த வாலும் நசுங்கிக் குழம்பிவிடும். ஆம்பின் முதல் கட்டமான பிரீஆம்பிலேயே ஒலியைச் சிதைத்து வாசிப்பவர்களுக்கும் இதே சிக்கல் எழும். அவர்கள் டிலேயையும் ரிவர்பையும் ஆம்பின் பின்புறமுள்ள எஃபெக்ட்ஸ் லூப்பில் (பிரீஆம்புக்குப் பின் பெடல்களைச் சேர்க்கும் இணைப்பு) இணைத்துக்கொள்ளலாம்.

இந்த வரிசையில் தனிக் கவனம் தேவைப்படுவது, ஒலியைக் கடுமையாகச் சிதைக்கும் பழைய பாணி ஃபஸ். 1966இல் வந்த ஃபஸ் ஃபேஸும் அதன் வழிவந்தவையும் மிகக் குறைந்த உள்ளீட்டு மின்மறுப்பு (உள்ளே வரும் சிக்னலுக்குக் காட்டும் எதிர்ப்பு) உடையவை. கிட்டாரின் பிக்கப்பும் வால்யூம் குமிழும் அவற்றின் சுற்றோடு ஒன்றாகச் சேர்ந்தே இயங்குகின்றன. கிட்டாரின் வால்யூமைச் சற்றே குறைத்தால் ஃபஸ் தெளிந்து, கண்ணாடி போன்ற தொனிக்கு இறங்கிவருவது அதனால்தான். இடையில் ஒரு பஃபர் (சிக்னல் வலுவிழக்காமல் கடத்தும் சிறு சுற்று) வந்தால் அந்தத் தொடர்பு அறுந்து, ஒலி கரடுமுரடாகிவிடும். பாஸ் (Boss) நிறுவனத்தின் சிறிய பெடல்கள் பெரும்பாலும் அணைத்திருக்கும்போதும் பஃபர் வழியாகவே சிக்னலை அனுப்புகின்றன. ஆகவே டியூனர் முதலில் வர வேண்டும் என்ற பழக்கத்தை மீறியாவது, இவ்வகை ஃபஸ்ஸைக் கிட்டாருக்கு நேர் அடுத்து வைப்பது நல்லது.

அதற்காகப் பஃபரே கூடாது என்று எண்ணிவிடக் கூடாது. கிட்டார் கேபிளில் மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் மின்தேக்கம் இருக்கும். கிட்டாரிலிருந்து பெடல்போர்டுக்கு 6 மீட்டர், அங்கிருந்து ஆம்புக்கு இன்னொரு 6 மீட்டர் என்று வைத்து, நடுவில் உள்ள பெடல்கள் எல்லாம் ட்ரூ பைபாஸாக (சுற்றைத் தொடாமல் சிக்னலை நேரே கடத்தும் வகையில்) அணைந்திருந்தால், அந்த 12 மீட்டர் சுமையும் நேரே பிக்கப்பின் மீது விழுந்து டிரெபிளைத் தின்றுவிடும். ஃபஸ்ஸுக்குப் பிறகு எங்காவது ஒரு நல்ல பஃபர் இருந்தால் போதும்.

மின்சாரத்தைப் பற்றி வலியுறுத்தியே சொல்ல வேண்டும். பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட் நேர்மின்னோட்டத்தில், நடு முனை எதிர்மின்னாக இருக்கும் இணைப்பில் இயங்குகின்றன, விதிவிலக்குகளும் உண்டு. ஜெர்மேனியம் டிரான்ஸிஸ்டர் கொண்ட சில ஃபஸ்கள் தலைகீழ் முனை கேட்கும். அவற்றை மற்றப் பெடல்களுடன் ஒரே சங்கிலி கேபிளில் மாட்டினால் பவர் சப்ளை ஷார்ட் ஆகிவிடலாம். அனலாக் ஓவர்டிரைவ் ஒன்றுக்கு 10 மில்லி ஆம்பியர் அளவே போதும். டிஜிட்டல் ரிவர்ப் ஒன்று 300 வரைகூடக் கேட்கும். ஒவ்வொரு பெடலின் அடியிலும் அச்சிட்டிருக்கும் அளவைப் பார்த்துக் கூட்டிக்கொண்டு, அதற்கு மேலும் கொஞ்சம் இடம் விட்டுப் பவர் சப்ளையைத் தேர்ந்தெடுங்கள். டிஜிட்டல் பெடல்கள் இரண்டு சேர்ந்துவிட்டால், வெளியீடுகள் ஒன்றிலிருந்து ஒன்று தனிமைப்படுத்தப்பட்ட பவர் சப்ளைக்கு மாறுவதையே நான் பரிந்துரைப்பேன். மூன்றாவது பெடலை அதற்குப் பிறகு வாங்கலாம்.

வீட்டில்

வீட்டுக்கு ஒரு மல்டி எஃபெக்ட்ஸ் கருவியே பெரும்பாலும் சரியான தேர்வு. தனித்தனிப் பெடல்கள் மீது ஆசை இருப்பவர்களுக்கு இது ஏமாற்றமாகத் தோன்றலாம். ஆனால் ஹெட்ஃபோனில் வாசிக்க ஆம்ப் மாதிரியும் ஸ்பீக்கர் மாதிரியும் (அவற்றின் ஒலியைப் போலச் செய்யும் டிஜிட்டல் நகல்கள்) தேவை, பயிற்சிக்கு, வாசித்ததைத் திரும்பத் திரும்ப ஒலிக்கும் லூப்பரும் தாளம் காட்டும் மெட்ரோனோமும் தேவை, யூ.எஸ்.பி. வழியாகக் கணினியில் பதிவு செய்யும் வசதியும் இருந்தால் நல்லது. இவை எல்லாம் ஒரே பெட்டியில் கிடைக்கும்போது, எந்த எஃபெக்டை உண்மையில் அடிக்கடி பயன்படுத்துகிறோம் என்பதும் சில மாதங்களில் தெரிந்துவிடும். பிற்பாடு தனிப் பெடல் வாங்கும்போது அந்த அறிவே வழிகாட்டும். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும்: கருவியோடு வரும் தொழிற்சாலை ஒலிகள் கடையில் நின்று கேட்பவரைக் கவர்வதற்காக அமைக்கப்பட்டவை போலவே இருக்கும். ரிவர்பையும் கெயினையும் (சிதைவின் அளவையும்) ஏறத்தாழப் பாதிக்குக் குறைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

தனிப் பெடல்தான் வேண்டும் என்பவர் ஓவர்டிரைவைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும். 1970களின் இறுதியில் வந்த ஐபனெஸ் டியூப் ஸ்க்ரீமர் போன்றவை, ஏற்கெனவே உரத்து ஒலித்துச் சிதையத் தொடங்கிய வால்வு ஆம்பை மேலும் தள்ளிவிடுவதில் பெயர் பெற்றவை. வீட்டில் மெல்லிய ஒலியில், தெளிவான தொனியில் இருக்கும் சிறிய ஆம்பின் முன் அதே பெடல் மெலிந்தும் மூக்கடைத்தாற்போலவும் கேட்கலாம். ஆம்பின் உதவி இல்லாமல் தானே முழுத் தொனியையும் தரக்கூடிய, பேஸ், டிரெபிள் குமிழ்கள் தனியாக உள்ள டிஸ்டார்ஷன் பெடலே அங்கு பொருந்தும். அதனுடன் ஒரு டிலே. நெடுநாள் வாசிப்புக்கு அவ்வளவு போதும்.

மேடையில்

மேடை அமைப்பில் முதலிடம் டியூனருக்கு. மிதித்தவுடன் ஒலியை முழுதாக நிறுத்தி, வெயிலிலும் மங்கிய வெளிச்சத்திலும் நின்ற நிலையிலேயே படிக்கும்படி காட்டும் டியூனராக அது இருக்க வேண்டும். ஒரு பாடலுக்கும் அடுத்ததற்கும் நடுவே கேட்பவர்கள் காதில் விழாமல் சுருதி சேர்ப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

அடுத்தது, தனி வாசிப்புக்கு ஒலியை உயர்த்தும் பூஸ்ட். இங்குதான் பலர் இடறுகிறார்கள். பூஸ்டை ஓவர்டிரைவுக்கு முன்னால் வைத்தால் சிதைவு கூடும், ஒலி அவ்வளவாக உயராது. பின்னால் வைத்தால் தொனி மாறாமல் ஒலி உயரும். கூட்டத்தின் நடுவிலிருந்து தனி வாசிப்பு எழ வேண்டுமானால் பின்னால் வைப்பதே சரி; ஆம்பிலேயே சிதைத்து வாசிப்பவர் அதை எஃபெக்ட்ஸ் லூப்பில் வைக்க வேண்டும். எவ்வளவு உயர்த்துவது என்பதைத் தனியாக வாசித்துப் பார்த்து முடிவு செய்ய முடியாது. ஒத்திகையின்போது முழுக் குழுவையும் பாடலின் மிக உரத்த பகுதியை வாசிக்கச் சொல்லுங்கள். நீளமான கேபிளுடன் ஆம்பிலிருந்து சில மீட்டர் விலகி, கேட்பவர்கள் நிற்கும் இடத்துக்குச் சென்று, தனி வாசிப்பின் ஒரு சிறு பகுதியை வாசியுங்கள். இன்னொருவர் பெடலருகே அமர்ந்து, குமிழைப் பூஜ்ஜியத்திலிருந்து மெதுவாகக் கூட்டட்டும். வரி தெளிவாகக் கேட்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். பெரும்பாலும் அது 3 முதல் 6 டெசிபலுக்குள் அடங்கிவிடும். அதன்பின் அந்தக் குமிழைத் தொடாதிருப்பதே நல்லது. அந்த உயர்வு போதவில்லை என்று தோன்றினால், கெயினைச் சிறிது குறைத்து நடு அதிர்வெண்களைக் கூட்டிப் பாருங்கள். டியூப் ஸ்க்ரீமர் வகைப் பெடல்கள் சுமார் 700 ஹெர்ட்ஸ் பகுதியை முன்னிறுத்துவதால்தான், வீட்டில் மூக்கடைத்தாற்போல் கேட்ட அதே பெடல் மேடையில் தெளிவாகத் துலங்குகிறது.

டிலேயில் டேப் டெம்போ வசதி (காலால் தட்டி எதிரொலியின் வேகத்தை அமைப்பது) இருக்கட்டும். கணக்கும் எளிதுதான்: 60,000ஐ நிமிடத்துக்கான தட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு தட்டுக்கான மில்லி விநாடிகள் கிடைக்கும். 120 தட்டுகள் என்றால் 500. ஒரு தட்டின் முக்கால் அளவில் எதிரொலி வேண்டுமானால் 375. ரிவர்பைப் பொறுத்தவரை அரங்கமே தன் பங்கைக் கொடுத்துவிடும் என்பதால், வீட்டில் வைத்த அளவில் பாதிகூட வேண்டியிராது. ஸ்டீரியோ பற்றியும் தயங்கவே சொல்வேன். அரங்கின் ஒரு ஓரத்தில் நிற்பவருக்கு ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டுமே கேட்கும். இடமும் வலமும் தாவும் டிலேயில் பாதி அவருக்குக் கிடைக்காது.

ஆம்ப் இல்லாமல் நேரே மிக்ஸருக்குப் போகும் மேடைகளில், சங்கிலியின் கடைசியில் ஸ்பீக்கர் மாதிரி கட்டாயம் இருக்க வேண்டும். கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியைச் செங்குத்தாக வெட்டிவிடுகிறது. அந்த வெட்டு இல்லாத டிஸ்டார்ஷன் கொசுவின் ரீங்காரம் போல் கேட்கும். மிக்ஸருடன் இணைக்கும்போது தாழ்ந்த ஹம் ஒலி எழுந்தால், டி.ஐ. பெட்டியிலுள்ள (கருவியை மிக்ஸருடன் இணைக்கும் பெட்டி) கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். மின் பிளக்கின் எர்த் முனையை எந்தக் காரணத்துக்காகவும் நீக்கக் கூடாது. அது உயிருக்கு ஆபத்து.

மேடையில் முதலில் கைவிடுவது பெரும்பாலும் பெடல்களை ஒன்றோடொன்று இணைக்கும் பேட்ச் கேபிள்தான். ஒலி நின்றுபோனால் கிட்டாரை நேரே ஆம்பில் மாட்டி வாசித்து முடிக்கும் அளவுக்கு அமைப்பு எளிதாக இருக்க வேண்டும். நான்கிலிருந்து ஆறு பெடல்களுக்கு மேல் வைத்துக்கொள்பவர்கள், ஒவ்வொன்றும் எந்தப் பாடலுக்காக என்று தம்மையே கேட்டுக்கொள்வது நல்லது. அடிக்கடி மிதிப்பவற்றை முன்வரிசையில் வையுங்கள். சிக்னல் போகும் வரிசையும் பெடல்கள் பலகையில் அமரும் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

ஸ்டூடியோவில்

மேடையில் யாரும் கவனிக்காத இரைச்சலை மைக் விடாமல் பதிவு செய்துவிடும். பதிவுக்கு முன் கிட்டாரை நேரே ஆம்பில் மாட்டிக் கேளுங்கள். பிறகு ஒவ்வொரு பெடலாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் இரைச்சல் நுழைகிறதோ அங்கேயே நின்று பாருங்கள். மெல்லிய கீச்சொலி என்றால் டிஜிட்டல் பெடலின் மின்வழியைச் சந்தேகிக்கலாம். கிட்டாரோடு உடலைத் திருப்பும்போது ஹம் கூடிக் குறைந்தால், சிங்கிள் காயில் பிக்கப் அருகிலுள்ள திரையிலிருந்தோ விளக்கின் டிம்மரிலிருந்தோ அதை வாங்குகிறது. குறைவாகக் கேட்கும் திசையில் நாற்காலியைப் போட்டு வாசித்தால் பெருமளவு தீர்ந்துவிடும். நாய்ஸ் கேட்டை (தாழ்ந்த ஒலியை அடைத்துவிடும் கருவி) கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அது சுரத்தின் இயல்பான தேய்வையும் சேர்த்தே வெட்டும்.

எந்த எஃபெக்டைப் பதிவோடு சேர்ப்பது, எதைப் பின்னால் சேர்ப்பது என்பது அடுத்த முடிவு. விரல்களின் அழுத்தத்தை மாற்றுபவை, அதாவது ஓவர்டிரைவ், ஃபஸ், வா, கம்ப்ரஸர் ஆகியவை, வாசிக்கும்போதே இருக்க வேண்டும். ரிவர்பை மிக்ஸிங்கின்போது சேர்ப்பதே நல்லது. பதிவில் கலந்துவிட்ட ரிவர்பை யாராலும் சுத்தமாகப் பிரித்தெடுக்க முடியாது. டிலேயின் எதிரொலிகளைத் தாளத்தின் பகுதியாகவே வைத்து வாசிப்பவர் மட்டும் அதைச் சேர்த்தே பதியலாம். கெயினை மேடை அளவைவிடக் குறைத்து வையுங்கள். ஒரே பகுதியை இரு முறை வாசித்து இடத்திலும் வலத்திலும் வைக்கும்போது சிதைவு கூடியதாகவே கேட்கும்; ஒவ்வொன்றும் சற்றுத் தெளிவாக இருந்தால்தான் இரண்டும் சேர்ந்து கனமாகும்.

முடிந்தபோதெல்லாம் பெடல்களுக்கு முன்பே சிக்னலைப் பிரித்து, எஃபெக்ட் இல்லாத ஒரு வறண்ட தடத்தையும் உடன் பதிவு செய்துகொள்ளுங்கள். தொனி பிடிக்காமல் போனால் அந்தத் தடத்தை ரீஆம்ப் பெட்டி வழியாக மீண்டும் பெடல்களுக்கு அனுப்பலாம். இண்டர்ஃபேஸின் (கணினியோடு ஒலியை இணைக்கும் கருவி) லைன் வெளியீட்டை நேரே பெடலில் மாட்டினால் அளவும் மின்மறுப்பும் கிட்டாருடையதைப் போல் இராது. அந்தப் பெட்டி தேவைப்படுவது அதனால்தான். பழைய பாணி ஃபஸ் மட்டும் இதற்கு அவ்வளவாக ஒத்துழைக்காது. அதைப் பிக்கப்போடு நேரடியாகச் சேர்த்து அன்றே பதிவு செய்துவிட வேண்டும். கணினி வழியாகக் கேட்டுக்கொண்டே வாசிப்பவர் கணினியின் பஃபர் (ஒலியைத் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் நினைவிடம்) அளவை 128 சாம்பிளுக்குக் குறைத்தால், 48,000 ஹெர்ட்ஸில் அந்தப் பஃபரால் ஏற்படும் தாமதம் 3 மில்லி விநாடிக்கும் குறைவாகவே இருக்கும்.

நல்ல தொனி ஒன்று அமைந்ததும், குமிழ்கள் தெளிவாகத் தெரியும்படி பெடல்போர்டை மேலிருந்து ஒரு படம் எடுத்து, பாடலின் பெயருடன் பதிவுக் கோப்பிலேயே சேர்த்துவையுங்கள். கிட்டாரின் வால்யூம் குமிழும் பிக்கப் தேர்வியும் இருந்த நிலையையும் அதில் எழுதிவையுங்கள். இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு வரியை மட்டும் மாற்றிப் பதியச் சொன்னால், முதலில் தேடப்படுவது அதுதான்.