ஜாங்கோ 4.2-லிருந்து 5.0-க்கு: சத்தம் போடாத பிழைகளை முன்கூட்டியே பிடிப்பது எப்படி?

பைத்தான் மொழியில் இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோவின் பதிப்பை மாற்றியதும் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து வந்தால் பயப்பட வேண்டாம், அது எங்கே உடைந்தது என்று சொல்லிவிடும். எல்லாம் ஓடுவது போலவே இருந்து, உள்ளே கணக்கு மாறிப்போவதுதான் ஆபத்து. ஜாங்கோ இதைப் பழைய பதிப்பிலேயே எச்சரிக்கிறது. ஆனால் பெரும்பாலான நீக்க எச்சரிக்கைகளை, அதாவது ஒரு வசதி அடுத்து நீக்கப்படும் அல்லது மாறும் என்ற எச்சரிக்கைகளைப் பைத்தான் தானாகவே மறைத்துவிடுவதால் நம் கண்ணில் படுவதில்லை. அதனால் 4.2-ல் இருக்கும்போதே வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் டேட்டாபேஸை பேக்கப் எடுத்து, கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் தனி பிராஞ்ச் போட்டுக்கொள்ளுங்கள். பைத்தான் 3.10 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்றும் பாருங்கள், 5.0-க்கு அது கட்டாயம்.

அடுத்து, மறைந்திருக்கும் எச்சரிக்கைகளைத் திறக்க வேண்டும். டெஸ்ட் ஓட்டும் கட்டளையில் பைத்தான் என்ற சொல்லுக்கு அடுத்து ஒரு சிறு கோடு, அதை ஒட்டிப் பெரிய டபிள்யூ, சிறிய ஏ சேர்த்து ஓட்டுங்கள். டெஸ்ட் எழுதவில்லையா? சரி, தளத்தை உங்கள் கணினியிலேயே இயக்கிப் பார்க்கும் ரன்சர்வர் கட்டளையை இதேபோல ஓட்டி, பிரவுசரில் ஒரு பக்கம், ஒரு பட்டன் விடாமல் அழுத்திப் பாருங்கள். அந்த வரி ஓடினால்தான் அதற்கான எச்சரிக்கை வரும்.

ஒவ்வொரு எச்சரிக்கையின் தொடக்கத்திலும் ஃபைலின் பாதை இருக்கும். அதில் சைட்-பேக்கேஜஸ் (வெளியிலிருந்து நிறுவிய பேக்கேஜ்கள் இருக்கும் ஃபோல்டர்) என்று இருந்து, அடுத்து ஜாங்கோ அல்லாத வேறு பேக்கேஜின் பெயர் வந்தால் குறை பெரும்பாலும் உங்கள் கோடில் இல்லை. அந்த பேக்கேஜை அப்டேட் செய்யுங்கள், உள்ளே போய்த் திருத்தாதீர்கள்.

இப்போது நேரச் சிக்கலுக்கு வருவோம். செட்டிங்ஸ் ஃபைலில், டைம் ஜோனைக் கணக்கில் எடுக்கலாமா என்று சொல்லும் யூஸ்_டிஇசட் என்ற வரியைத் தேடுங்கள். அந்த வரியே இல்லையென்றால் 4.2 அதை ‘ஃபால்ஸ்’ என்று எடுத்துக்கொள்ளும்; 5.0 ‘ட்ரூ’ என்று எடுத்துக்கொள்ளும். மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூலைட் ஆகிய இரண்டு டேட்டாபேஸ்களும் நேரத்தை டைம் ஜோன் இல்லாமல் சேமிப்பவை. டைம் ஜோன் ஆசியா/கொல்கத்தா என்று வைத்துக்கொள்வோம். முன்பு காலை 10 மணிக்குப் பதிந்த பில்லை 5.0 யூடிசி (உலகப் பொது நேரம்) என்று படித்து, பிற்பகல் 3.30 என்று காட்டும். புதிதாகப் போடும் பில் யூடிசியில் சேமிக்கப்பட்டுச் சரியாகவே தெரியும். இரண்டும் ஒரே டேபிளில் கலந்துவிட்டால் எது பழையது என்று பிரிப்பது பெரும்பாடு. ஒரு பிழைச் செய்தியும் வராது. அதனால் பதிப்பை மாற்றும் முன்பே ‘ஃபால்ஸ்’ என்று நீங்களே எழுதிவிடுங்கள். யூடிசிக்கு மாறுவதைப் பிறகு தனி வேலையாக வைத்துக்கொள்ளலாம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் பயன்படுத்துபவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

லாக்அவுட்டையும் பாருங்கள். பயனரை வெளியேற்றும் ஜாங்கோவின் லாக்அவுட்வியூவுக்குச் சாதாரண லிங்க் கொடுத்திருந்தால், 5.0-ல் யாராவது அதை அழுத்தும்போது ‘இந்த முறைக்கு அனுமதி இல்லை’ என்னும் 405 பிழைதான் வரும். லிங்க்குக்குப் பதில் போஸ்ட் முறையில் அனுப்பும் சிறு ஃபார்ம் வைத்து, வேறு தளங்களிலிருந்து வரும் போலிக் கோரிக்கைகளைத் தடுக்கும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கனையும் சேர்த்துவிடுங்கள்.

எச்சரிக்கைகள் தீர்ந்த பிறகு பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் பிப் மூலம் 5.0-ஐ நிறுவி, எல்லாவற்றையும் இன்னொரு முறை ஓட்டுங்கள். 5.2 வரை போக வேண்டுமென்றாலும் ஒரே தாவலாகத் தாவாமல் 5.1-ல் நின்று, அங்கேயும் இதேபோல எச்சரிக்கைகளைத் திறந்து பார்த்துவிட்டுப் போங்கள்.