புதுக்கவிதைக்காரருக்கு ஒரு குறள் வெண்பாப் பயிற்சி

வரி உடைத்தே எழுதிப் பழகிய கைக்கு வெண்பாவே நல்ல முரட்டுப் பயிற்சி. குறள் வெண்பாவில் இரண்டே அடி: முதலில் 4 சீர் (அசைகள் சேர்ந்தது சீர்), அடுத்ததில் 3. நான்கடி வெண்பாவில் தொடங்கினால் பலர் பாதியிலேயே கைவிடுகிறார்கள்.

முதலில் சொற்களை அசைகளாக, அதாவது நேர், நிரை என்ற ஓசைத் துண்டுகளாக, பிரித்துப் பாருங்கள். கா, கால், கல் ஆகியவை நேர். மல, மலர், நிலா ஆகியவை நிரை. சொல்லின் தொடக்கத்தில் தனிக்குறிலை நேராக எண்ணுவதுதான் வழக்கமான சறுக்கல். அது அடுத்த எழுத்தோடு சேர்ந்து நிரையாகிவிடும்.

அடுத்தது தளை, அதாவது ஒரு சீரோடு அடுத்த சீரின் முதல் அசை இணையும் விதி: மாவுக்கு (நேரில் முடியும் ஈரசைச் சீர்) அடுத்து நிரை, விளத்துக்கு (நிரையில் முடியும் ஈரசைச் சீர்) அடுத்து நேர், காய்க்கு (நேரில் முடியும் மூவசைச் சீர்) அடுத்து நேர். 'காலை பூக்கும்' தளை தட்டும்; 'காலை' தேமா (நேர் நேர்), 'பூக்' நேர். 'காலை மலரும்' என்றால் சரியாகும். பொருள் சற்று நகர்ந்தால் நகரட்டும், எதிர்பாராத சொல் அப்படித்தான் கிடைக்கும். கனிச்சீர் (நிரையில் முடியும் மூவசைச் சீர்) நுழையக்கூடாது. ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் (மாதிரிச் சொற்களில்) ஒன்றாக இருக்க வேண்டும். அதனால் கடைசிச் சொல்லை முதலில் தேர்ந்து பின்னோக்கி எழுதுவது எளிது.

எதுகைக்காக (அடிகளின் முதற்சொற்களில் இரண்டாம் எழுத்து ஒத்துவர) 'தான்', 'ஏ' என்று பொருளற்ற அசைநிலைகளைத் திணிக்காதீர்கள். இரண்டாம் அடியின் முதல் சொல்லை மாற்றுங்கள்.

பத்துக் குறள் தட்டாமல் வந்தபின் அந்தாதிக்கு (ஒரு பாடலின் முடிவு அடுத்ததன் தொடக்கமாவது) போகலாம். அல்லது மலாய் மரபில் பிறந்த பாந்தூம் என்ற கவிதை வடிவம்: ஒரு பத்தியின் 2, 4ஆம் வரிகள் அடுத்த பத்தியில் 1, 3ஆக வரும். திரும்பும் வரி புதுப் பொருள் தராவிட்டால் அது வெறும் பல்லவிதான்.